இசை பயிலும் மாணவர்க்கு ஈந்தோர்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்து, ரெயில்வே அலுவலகத்தில் பேரேட்டோடும் பட்டியலோடும் காலங்கழிக்கும் அடியேனுக்கு இது தகுதிக்கு மீறிய பணியே. ஆயினும், நம் நிர்வாகக் குழுவில் மூன்றாண்டுகளாக முடிவுறாது கிடக்கும் வழக்கு ஒன்று என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவ்வழக்கின் வேரைத் தேடிச் சில நூல்களைப் புரட்டினேன். அங்குக் கண்டவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வழக்கு இதுதான். நம் காலனியைச் சேர்ந்த பெண் ஒருத்தி இசைக் கல்லூரியில் வீணை பயிலச் சேர்ந்தாள். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்குத் தன் மாமன் வீட்டில் தங்கியிருக்கும் சிறுவன் ஒருவன் அதே கல்லூரியில் மிருதங்கம் பயில்கிறான். இவ்விருவரும் உடன் பயிலும் மூவரைச் சேர்த்துக்கொண்டு சிறியதோர் இசைக்குழு அமைத்தனர். குழு அமைந்ததே தவிர, வீணை இரவல்; மிருதங்கத்தின் வலந்தலை கிழிந்தது கிழிந்தபடி. விழாவன்று கோவையிலிருந்து மெல்லிசைக் குழுவினரை வரவழைக்க நாம் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இம்மாணவர்க்கு அளிக்கலாகாதா என்று ஓர் அன்பர் கேட்டார். மற்றோர் அன்பர், "சங்கம் என்ன தரும சத்திரமா?" என்றார். அது எதிர்பார்த்ததுதான். மூன்றாமவர் சொன்னதே என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. "கொடுப்போம், ஆனால் தமிழ்ப் பாட்டையே வாசிப்போம் என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்போம்" என்றார் அவர்.

கொடுக்கிறவன் பாட்டையும் குறிக்கலாமா? இது இன்று பிறந்த வினா அன்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தோர் அறிவர். மாதவி ஆடினாள் என்பதோடு அக்காதை நின்றுவிடவில்லை. பாடுவோன், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமை முழக்குவோன் ஆகிய ஒவ்வொருவரின் இலக்கணமும் அங்கே வரையறுக்கப்படுகிறது. கருவிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்து ஒன்றாய் ஒலிப்பதும் அங்கே சொல்லப்படுகிறது. இசைக்குழு என்பது மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணுவோர் அப்பகுதியை ஒருமுறை நோக்குவாராக. ஆடி முடித்த மாதவிக்கு மன்னனின் மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைத்தன. யாழாசிரியனுக்கும் தண்ணுமையோனுக்கும் என்ன கிடைத்தது என்பதை இளங்கோவடிகள் சொல்லவில்லை. அன்றும் பக்கவாத்தியக்காரர் நிலை இதுதான் போலும்!

கணக்கெழுதும் என் போன்றோர்க்கு உவகை தருவது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு. முதலாம் இராசராசன் அக்கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் நெல் முக்குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பதால், ஐம்பதின்மர்க்கும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக் கலம் ஆகிறது. இவ்வளவோடு விட்டானா? இவர்களுள் ஒருவர் இறந்தாலோ, வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை வைத்துப் பாடுவிக்க வேண்டும் என்று விதியும் வகுத்தான். கருணை அடிப்படையில் வேலை பெற்று ரெயில்வேயில் நுழைந்தோர் நம் காலனியில் பலர் உண்டு. அவர்கள் இவ்விதியைப் படித்தால் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சுற்றறிக்கை ஒன்றைக் கண்டதுபோல் வியப்படைவர்.

இராசராசன் கொடுத்தான்; எதைப் பாட வேண்டும் என்பதையும் அவனே குறித்தான். அவன் குறித்தது தேவாரம். அவனைப் போன்றோர் குறித்திராவிடில் அப்பதிகங்கள் கோயில்தோறும் நாள்தவறாது ஒலித்திருக்குமோ, அறியேன்.

அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், பெரியதொரு கல்லூரி நடைபெற்றது. மாணவர் முந்நூற்று நாற்பதின்மர், ஆசிரியர் பதினால்வர். அதற்கு விடப்பட்ட நிலம் நாற்பத்தைந்து வேலி. இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மூத்த மாணவனுக்குக் குறுணி இருநாழி நெல்லும் அளக்கப்பட்டன. அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதமும் வியாகரணமும் மீமாம்சையும். இசை அப்பட்டியலில் இல்லை. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எட்டு நாழி ஒரு குறுணி. தஞ்சையில் பாடியவர்க்கு இருபத்துநான்கு நாழி. எண்ணாயிரத்தில் மூத்த மாணவனுக்குப் பத்து நாழி. பயில்வோன் வயிறு பாடுவோன் வயிற்றிற் பாதியும் இல்லை என்று கணக்கர்கள் அன்றே முடிவு செய்துவிட்டார்கள்!

நிற்க. அரசர் காலம் மறைந்தது. இசைக்குக் கொடுக்கும் பொறுப்பு செல்வர் கைக்கும் தனி மனிதர் கைக்கும் வந்தது. அவ்வகையில் நினைக்கத்தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். சித்த மருந்துகள் செய்து விற்றுப் பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் தோற்றுவித்து, தம் செலவிலேயே இசை மாநாடுகளை நடத்தினார். கருணாமிர்த சாகரம் என்னும் அவரது பெருநூல் 1917-இல் வெளிவந்தது. நோயாளி தந்த காசு இசையாராய்ச்சியாக மாறியது என்பது எவ்வளவு விந்தை!

இனி, நம் வழக்கிற்கு நேராகப் பொருந்தும் வரலாற்றுக்கு வருவோம். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர், தாம் நிறுவிய கல்வி நிலையங்களையும் அவற்றின் சொத்துக்களையும் அளித்து, மேலும் இருபது லட்ச ரூபாயையும் தர இசைந்தார். அதன் பயனாய் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஒரு பவுன் தங்கம் இருபது ரூபாய்க்கும் கீழே விற்ற காலத்து இருபது லட்சம் அது. அதே ஆண்டில் இசைக் கல்லூரியும் அங்கு எழுந்தது. பொறியியலுக்கும் சட்டத்திற்கும் கொடுப்போர் உலகில் பலர். பல்கலைக்கழக வாயிலுக்குள்ளே வீணைக்கும் மிருதங்கத்திற்கும் இடங்கொடுத்தவர் அந்நாளில் மிகச் சிலரே. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையாப் பிள்ளை, தண்டபாணி தேசிகர் போன்றோர் அங்குக் கற்பித்தனர். இத்தகையோரிடம் பாடம் கேட்க வேண்டுமாயின், அதுவரை அவர்தம் திண்ணையில் பல்லாண்டு காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது விண்ணப்பம் எழுதிச் சேரலாம் என்றாயிற்று. விண்ணப்பங்களின் மதிப்பை எழுத்தர் வேலை பார்ப்போர் நன்கறிவர்.

கல்லூரியில் இசை வளர்ந்தது. ஆயினும் மேடைகளில் ஒலித்தவை பெரும்பாலும் தெலுங்கும் வடமொழியுமான உருப்படிகள். கச்சேரியின் இறுதியில் துக்கடா என்ற பெயரில் தமிழுக்குச் சிறிது இடம். அண்ணாமலை அரசருக்கு இது உறுத்தியது. தமிழ்ப் பாடல்களை வளர்ப்பதற்கென்று தனியே நிதி ஒதுக்கினார். 1941 ஆகஸ்டு மாதத்தில் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. பாடல்களைச் சுரப்படுத்தி நூல்களாகப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் பாடல்களை மாணவர் சுரத்தோடு கற்க வழி பிறந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை மியூசிக் அகாதமியின் அறிஞர் குழு, கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே அனைவர்க்கும் நோக்கமாக வேண்டும். அத்தரம் தாழும்படி மொழியைப் பற்றிய எண்ணம் குறுக்கிடலாகாது என்னும் கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. இராஜாஜி, ரசிகமணி டி. கே. சி., ஆர். கே. சண்முகம் செட்டியார், கல்கி ஆகியோர் தமிழிசையின் பக்கம் நின்றனர். கல்கியின் எழுதுகோல் அப்போது காட்டிய வேகத்தை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1948-இல் அரசர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய மன்றம் சென்னையில் 1952-இல் திறக்கப்பெற்றது.

அடியேன் தமிழிசையின் பக்கமே. அதை மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்தோர் அஞ்சியதிலும் சிறிது நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பொருள் கொடுத்தவர் கல்லூரிக்குக் கட்டடம் கொடுத்தார், ஆசிரியரைக் கொடுத்தார், பின்னர்ப் பாட்டையும் கொடுத்தார். அவர் கொடுத்த பாட்டு நம் மொழிப் பாட்டாயிருந்ததால் நாம் மகிழ்கிறோம். வேறொரு செல்வர் வேறொன்றைக் கொடுத்திருந்தால்?

அதற்கும் சான்று உண்டு. நாம் வாழும் கேரளத்திலேயே உண்டு. திருவாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் 1939-இல் திருவனந்தபுரத்தில் இசைப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். அதற்கு முதல் தலைவராய் அமர்ந்தவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். இருவரும் தமிழ்நாட்டவர். இருவரும் செய்த பெருந்தொண்டு, மன்னரின் முன்னோரான சுவாதித் திருநாளின் உருப்படிகளைத் திரட்டிச் செம்மைப்படுத்திப் பரப்பியது. இன்று அந்நிலையம் சுவாதித் திருநாள் பெயராலேயே வழங்குகிறது. சிதம்பரத்தில் கொடுத்தவர்க்குத் தமிழ் உயிர்; அனந்தபுரியில் கொடுத்தவர்க்கு முன்னோர் கீர்த்தனை உயிர். இரண்டிடத்தும் மாணவர் கற்றது கொடுத்தவர் விழைந்ததையே.

மைசூரை எடுத்துக்கொண்டால் செய்தி இன்னும் வேடிக்கையானது. மன்னர் ஜயசாமராஜ உடையார் கர்நாடக இசையில் தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். அவருக்கு மேனாட்டு இசையிலும் தீராத வேட்கை. மெட்னர் என்னும் ருஷ்ய இசைப் புலவர் லண்டனில் கவனிப்பாரற்று வாழ்ந்துவந்தார். அவருடைய படைப்புக்களை இசைத்தட்டில் பதிவு செய்ய இம்மன்னர் பொருளுதவினார். லண்டனில் 1945-இல் தோன்றிய பில்ஹார்மோனியா இசைக்குழு பணமின்றித் தத்தளித்தபோது ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்றாண்டு கொடுக்க முன்வந்தார். ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு ஸ்ட்ராஸ் இறுதியாக இயற்றிய நான்கு பாடல்கள் 1950 மே 22-ஆம் நாள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதல் அரங்கேறின. அன்றைய செலவிற்குப் பிணை நின்றவரும் இவரே. காவிரிக் கரை மன்னர் பணத்தில் தேம்சு நதிக்கரையில் வயலின்கள் ஒலித்தன. மன்னர் வேண்டியதெல்லாம் அப்பாடல்களின் பதிவு தம் இசைத்தட்டுச் சேமிப்பிற்குக் கிடைக்க வேண்டும் என்பதே.

இவ்வளவும் மன்னரும் கோடீசுவரரும் கொடுத்த கதை. நம் மண்ணில், ஒலவக்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் எளிதில் போய்ச் சேரக்கூடிய கோட்டாயியில், வேறுவகையான கொடை நடந்தது. அதைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தேன்.

செம்பை வைத்தியநாத பாகவதர் 1896-இல் அங்குப் பிறந்தார். பாடிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைக் குருவாயூரப்பனுக்கும் தம் சீடர்க்கும் செலவிட்டார். அவரிடம் பயின்றோர்க்குக் கட்டணம் இல்லை. சாதி மத வேறுபாடும் இல்லை. ஜய-விஜயர்களும் டி. வி. கோபாலகிருஷ்ணனும் யேசுதாசும் அவரிடம் பயின்றவர்களே. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தை இளம் பருவத்திலேயே தம் கச்சேரிகளில் அமர்த்தி உலகறியச் செய்தவரும் செம்பையே. அந்த மணி ஐயரோ, சாத்தபுரம் சுப்பையர் முதலானோரிடம் தொடங்கித் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயிற்சி முற்றியவர். பாலக்காட்டுப் பையன் தஞ்சைக்குப் போய்க் கற்றான். நாம் தஞ்சையும் திருச்சியும் மதுரையும் விட்டு வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிற்கு வந்து பிழைக்கிறோம். இசைக்கும் இந்த வழித்தடம் பழையதுதான்.

1974 அக்டோபரில், ஒற்றப்பாலத்தை அடுத்த பூழிக்குன்று கோயிலில் பாடி முடித்த சிறிது நேரத்திலேயே செம்பை காலமானார். பாலக்காட்டு அரசினர் இசைக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைத் தாங்குவது எளிது. அவர் வீட்டு வழக்கத்தைத் தாங்குவதற்கு எந்தக் கல்லூரியாலும் ஆகாது. ஏனெனில் அவர் கொடுத்தது வித்தை. அரசருக்கும் செல்வர்க்கும் வித்துவானைச் சம்பளத்திற்கு அமர்த்தத்தான் முடிந்தது.

தனியே பாடுவோனுக்குக் குரலும் தம்புராவும் போதும். குழுவாக இசைப்போர்க்கு அப்படி அன்று. ஐவர் என்றால் ஐந்து கருவி. ஐந்து கருவிக்கும் பழுது பார்க்கும் செலவு. கூடிப் பயில ஓர் இடம். எல்லார்க்கும் போக்குவரத்துச் செலவு. தஞ்சாவூர் வீணைக்கு நன்கு முற்றிய பலாமரம் வேண்டும். இருபத்துநான்கு மெட்டுக்களையும் மெழுகில் பதித்து வைப்பார்கள். வெயிற் காலத்தில் மெழுகு இளகினால் சுருதி போச்சு. மிருதங்கத்திற்கோ தோல் அடிக்கடி மாற வேண்டும். இதில் நமக்கு ஒரு பாக்கியம். நம் மாவட்டத்திலேயே பெருவெம்பு என்னும் சிற்றூரில் தோற்கருவி செய்வோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கச்சேரி மேடையில் அவர்கள் பெயரை யாரும் உரைப்பதில்லை. மாணவனுக்குத் தோல் மாற்றிக் கொடுப்பதும் இசைக்குச் செய்யும் கொடைதான். அதில் ஒரு பகுதி பெருவெம்பு வீட்டு அடுப்பிலும் எரியும்.

தென்னமெரிக்க நாடான வெனிசுவேலாவில் அப்ரெயு என்பவர் 1975-இல் கராகசு நகரத்து வண்டிக் கொட்டகை ஒன்றில் பதினொரு பிள்ளைகளை வைத்து இசைக்குழு தொடங்கினார். அரசாங்கம் பொருள் அளித்தது. ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் வயலினும் எக்காளமும் பயின்றனர். பதினொருவர் என்னும் எண்ணைப் படித்தபோது, நம் காலனியில் ஐவர் ஏற்கெனவே இருக்கிறார்களே என்று எண்ணிக்கொண்டேன்.

பெருங்கொடையும் என்றைக்கும் நிற்பதில்லை. இராசராசன் அளந்த முக்குறுணி எந்த நாளிலோ நின்றுபோயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பொருள் நெருக்கடிக்குள்ளாகி, 2013-இல் தமிழ்நாட்டு அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இருபது லட்சமே வற்றுமாயின் நம் சங்கத்துச் சந்தா எம்மாத்திரம் என்று சிலர் சோர்வடையலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் கொடுப்பது ஆண்டுதோறும் கேட்டு வாங்கிக் கொடுப்பது. வற்றினால் மறுபடியும் உண்டியல் குலுக்குவோம், அவ்வளவுதானே.

வழக்கிற்கு வருகிறேன். சென்ற மாதக் கூட்டத்தில் மேற்சொன்னவற்றையெல்லாம் அடியேன் சற்று விரிவாகவே பேசிவிட்டேன். தலைவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். எழுதி வாங்க வேண்டும் என்ற அன்பரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் மனைவியார் தேவிகுளத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னார்: "அண்ணே, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதுகிறார்கள், வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். தமிழ் அவர்கள் வாயில் ஒலிப்பது பாட்டில்தான். அதையும் விட்டால் மிச்சம் என்ன?" இதற்கு மறுமொழி சொல்ல என் கல்வெட்டுக்கள் எவற்றாலும் இயலவில்லை. அண்ணாமலை அரசருக்கு உறுத்தியதும் இதுதானே.

ஆயினும், மூணாற்றுச் சிறுவன் தன் பாட்டியிடம் கேட்ட கும்மிப் பாட்டுக்களைத்தான் முதலில் மிருதங்கத்தில் வாசித்துக் காட்டினான். நாம் எழுதி வாங்குமுன்னரே அது நடந்துவிட்டது. அதையும் கூட்டத்தில் சொன்னேன்.

முடிவில், மெல்லிசைக் குழுவிற்குப் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதென்றும், அத்தொகையை மாணவர் ஐவர்க்கும் அளிப்பதென்றும், அன்பர்கள் விரும்பினால் தனியே கொடுக்கலாமென்றும் தீர்மானமாயிற்று. பொருளாளர் புதிதாய் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கட்டம் வரைந்தார். பெயர், தொகை, தேதி என்று மூன்று பத்தி. நான்காவதாக நிபந்தனை என்று எழுதி ஒரு பத்தி. அந்த நான்காவது பத்தியில் இதுவரை எவரும் எதுவும் எழுதவில்லை. எழுதி வாங்க வேண்டும் என்ற அன்பரே முதற் கையெழுத்திட்டார். அவரும் அவ்விடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டார்.

வீணைக்குத் தந்தி வாங்கியாயிற்று. மிருதங்கம் பெருவெம்புக்குப் போயிருக்கிறது. விழாவிற்கு முதல் நாள் வந்துவிடும் என்று அங்குள்ளவர் சொல்லியிருக்கிறார். என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று அந்தப் பெண்ணை வழியில் கண்டபோது கேட்டேன். "இன்னும் நாங்கள் ஐந்து பேரும் பேசி முடிக்கவில்லை, மாமா" என்றாள்.